அன்று சுவாமியோடு சிரித்தேன்... இன்று அவன் அப்பாவோடு நடந்தேன்!

போன அக்டோபர் மாதம், ஆபீஸில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். "10-ம் தேதி ஆர்.கே.நாராயண் பிறந்த நாள். 'அறியாத 10 தகவல்கள்'னு ஒண்ணு எழுதிக் கொடு. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிடு."

டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு இது பழகிய வேலை. பிறந்த நாள், நினைவு நாள் என்று காலண்டரைப் பார்த்துத்தான் எங்கள் வண்டி ஓடும். ஆனால், இந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குள் ஒரு துள்ளல். காரணம், நான் முழுதாகப் படித்து முடித்த முதல் ஆங்கிலப் புத்தகம் அவர் எழுதியதுதான். 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்'.

அப்போது ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். திருச்சியில் காலேஜ் படித்த சித்தப்பா, பழைய புத்தகக் கடையில் வாங்கி வந்து, "இதை முழுசாப் படிச்சா உனக்கு இங்கிலீஷ் வந்துடும்" என்று கையில் திணித்துவிட்டுப் போனார். இங்கிலீஷ் வரவில்லை. சுவாமி வந்துவிட்டான்.

எங்கள் ஊரும் மால்குடியும்

என் ஊர் குன்றாண்டார்கோவில். புதுக்கோட்டை மாவட்டம். பேச்சில் 'குன்னாண்டார்கோயில்' என்போம். திருச்சியிலிருந்து புதுக்கோட்டை போகும் வழியில் கீரனூரில் இறங்கி, டவுன் பஸ் பிடிக்க வேண்டும். எங்கள் ஊர் பெயரில் ஓர் ஒன்றியமே இருந்தாலும், வெளியூர்க்காரர்களிடம் "அது எங்கே இருக்கு?" என்ற கேள்வி வராமல் இருக்காது.

ஊருக்குப் பெயர் கொடுத்தது ஒரு பாறையும் அதைக் குடைந்து எடுத்த சிவன் கோயிலும்தான். 8-ம் நூற்றாண்டுக் குடைவரை. முன்னால் இருக்கும் மண்டபம் பிற்காலத்தில் கட்டியது. கல்லில் சக்கரமும் குதிரைகளும் செதுக்கி, மண்டபத்தையே ஒரு தேர் மாதிரி செய்திருப்பார்கள். சின்ன வயதில் அந்தக் கல்குதிரைகளுக்கு எல்லாம் பெயர் வைத்திருந்தேன். மற்றபடி, வானம் பார்த்த பூமி. கடலைக் கொல்லை, தைலமரக் காடு, மழை பெய்தால் நிறையும் குளம், மழை பெய்யாவிட்டாலும் பயமுறுத்தும் மொட்டைக் கிணறுகள்.

மால்குடி என்று ஓர் ஊர் வரைபடத்தில் கிடையாது என்பதே எனக்கு அப்போது தெரியாது. 1930-ல், ஒரு விஜயதசமி நாளில் பெங்களூரில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தபோது, ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷனாக அந்த ஊர் தன் மனதில் வந்து நின்றதாக நாராயண் சொல்லியிருக்கிறார். எனக்கோ அது கீரனூருக்கு அடுத்த ஸ்டேஷன் மாதிரிதான் இருந்தது!

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். டபிள்யூ.எஸ்.சுவாமிநாதன் என்கிற சுவாமி, ஆல்பர்ட் மிஷன் ஸ்கூலில் ஃபர்ஸ்ட் ஃபார்ம் படிக்கிறான். இன்றைய கணக்கில் ஆறாவது. திங்கட்கிழமை பிடிக்காது. கணக்கு வாத்தியாரைக் கண்டால் ஆகாது. சண்டியர் மணி, படிப்பாளி சங்கர், லீடர் சோமு, 'பட்டாணி' என்று பெயர் வாங்கிய சாமுவேல் என்று ஒரு கூட்டம். அதற்குள் போலீஸ் டெபுடி சூப்பரின்டெண்டென்டின் மகன் ராஜம் வந்து சேர்கிறான். சென்னையில் படித்தவன், கோட்டும் ஷூவும் போடுகிறவன். முதலில் பகை, பிறகு உயிர் நட்பு. எல்லோரும் சேர்ந்து எம்.சி.சி ஆரம்பிக்கிறார்கள். மால்குடி கிரிக்கெட் கிளப்!

ஒன்பதாவது வயசுக்காரியான... மன்னிக்கவும், ஒன்பதாவது வகுப்புக்காரியான எனக்கு இதில் எல்லாமே சிரிப்பு. சுவாமியின் அப்பா லீவில் உட்காரவைத்து ஒரு மாம்பழக் கணக்குப் போடச் சொல்வார். ராமனிடம் இத்தனை பழம், கிருஷ்ணனுக்கு இத்தனை வேண்டும், என்ன விலை என்று. சுவாமிக்கு வரும் சந்தேகம், அந்தப் பழம் பழுத்திருக்கிறதா, காயாக இருக்கிறதா என்பது! அதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி விலை சொல்வதாம்? படித்துவிட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். "ஏடி, பேய் கீய் புடிச்சிருச்சா?" என்று அப்பாயி திருநீறு எடுத்துவந்து பூசிவிட்டது.

கூழாங்கல்லை டப்பாவில் போட்டு, சாமிகிட்ட வேண்டிக்கொண்டு, காசாக மாறியிருக்கும் என்று திறந்து பார்ப்பான் சுவாமி. ட்ரில் கிளாஸுக்குப் போகாமல் கிரிக்கெட் பிராக்டீஸுக்குப் போக, ஒரு டாக்டரிடம் போய்த் தனக்கு ஏதோ பெரிய நோய் இருப்பதாக சர்டிஃபிகேட் கேட்பான். எல்லாம் நான் செய்திருக்கக் கூடியவை. சிலவற்றைச் செய்தும் இருக்கிறேன்.

தேம்ஸ் நதிக்குத் தப்பிய புத்தகம்

ஆபீஸ் வேலைக்காகத் தகவல் தேட ஆரம்பித்தேன். எத்தனை சுவாரஸ்யங்கள்!

நாராயண் பிறந்தது 1906-ல், சென்னையில். புரசைவாக்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். அப்பா பள்ளித் தலைமை ஆசிரியர். ஆனால், மகனுக்குப் பள்ளிக்கூடம் என்றாலே கசப்பு. காலேஜில் சேருவதற்கான தேர்வில் தோற்று, ஒரு வருடம் சும்மா இருந்து புத்தகமாகப் படித்துத் தள்ளினார். பின்னாளில் வாத்தியார் வேலைக்குப் போய், அதையும் உடனே விட்டுவிட்டு வந்தார்.

'சுவாமி'யை எழுதி லண்டனுக்கு அனுப்பினால், ஒவ்வொரு பதிப்பகமும் திருப்பி அனுப்புகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த நண்பர் பூர்ணாவுக்கு, "அதில் ஒரு கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடு" என்ற ரீதியில் எழுதிவிட்டார். நண்பர் போடவில்லை. எழுத்தாளர் கிரஹாம் கிரீனிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். கிரீன் படித்துப் பிடித்துப்போய் சிபாரிசு செய்ய, 1935-ல் ஹாமிஷ் ஹாமில்டன் பதிப்பகம் வெளியிட்டது. 'சுவாமி, தி டேட்' என்று இருந்த தலைப்பு, 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' ஆனதும் அப்போதுதான். டேட் என்பது அந்தக் கால இங்கிலாந்து பௌலர் மாரிஸ் டேட். சுவாமி நன்றாகப் பந்து போடுவதால் அவனுக்கு அந்தப் பட்டம்.

நாவலில் சுதந்திரப் போராட்டப் பொதுக்கூட்டக் காட்சி ஒன்று வரும். அதற்கு நாராயண் வைத்திருக்கும் தேதி, 1930 ஆகஸ்ட் 15. சுதந்திரம் கிடைத்ததோ 1947-ல், அதே ஆகஸ்ட் 15! 1935-ல் வந்த புத்தகம் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1980-களில் சங்கர் நாக் இயக்கத்தில் 'மால்குடி டேஸ்' தூர்தர்ஷனில் வந்தது. மாஸ்டர் மஞ்சுநாத்தான் சுவாமி. சுவாமியின் அப்பாவாக நடித்தவர் கிரிஷ் கர்னாட். படங்களை வரைந்தவர் நாராயணின் தம்பி, கார்ட்டூனிஸ்ட் ஆர்.கே.லட்சுமண். ஷூட்டிங் நடந்த கர்நாடகாவின் அரசாளு ரயில் நிலையத்தில் இப்போது மால்குடி மியூசியம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த தகவல் இது. ராஜ்ய சபாவுக்கு நியமன எம்.பி ஆன நாராயண், 1989-ல் அங்கே பேசியது பெரிய அரசியல் எதுவும் இல்லை. ஸ்கூல் பிள்ளைகளின் புத்தகப் பையின் கனத்தைப் பற்றிப் பேசினார். அந்தப் பேச்சு கிளப்பிய விவாதம், பிள்ளைகளின் படிப்புச் சுமையை ஆராய யஷ்பால் கமிட்டி அமைவது வரை போனது. 80 வயது தாண்டியும் அவருக்குள் சுவாமி உட்கார்ந்திருந்திருக்கிறான்!

பத்துத் தகவல்கள் சேர்ந்துவிட்டன. எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால், புத்தகத்தைத் திரும்பப் படிக்கும் ஆசை மட்டும் போகவில்லை. அந்த வாரம் ஊருக்குப் போக வேண்டியிருந்தது. செல்போனில் இறக்கிக்கொண்டு, கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன்.

அன்று நான் தாண்டிப்போன பக்கங்கள்

செங்கல்பட்டு வரை சிரித்துக்கொண்டுதான் வந்தேன். விழுப்புரம் தாண்டியபோது முதல் உறுத்தல் வந்தது. இந்தப் புத்தகத்தில் ஒரு சிறுமிகூட இல்லை! பாட்டி இருக்கிறாள், அம்மா இருக்கிறாள். இரண்டு பேரும் வீட்டுக்குள். தெருவிலும் ஆற்றங்கரையிலும் மைதானத்திலும் பையன்கள் மட்டும்தான். ஒன்பதாவதில் அது எனக்குக் கண்ணில் படவே இல்லை. என்னையும் அந்தக் கூட்டத்தில் ஓர் ஆளாகச் சேர்த்துக்கொண்டு படித்திருக்கிறேன் போல.

அடுத்து, எலுமிச்சம்பழம். பாட்டிக்கு வயிற்று வலி. ஓர் எலுமிச்சம்பழம் வாங்கித் தரச் சொல்கிறாள். சுவாமிக்கு கிரிக்கெட் அவசரம். ஓடிவிடுகிறான். விளையாட்டு முடிந்த பிறகுதான் ஞாபகம் வந்து, பாட்டிக்கு என்ன ஆனதோ என்று பதறிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவான். எங்கள் அப்பாயி போய் நான்கு வருடங்கள் ஆகின்றன. நான் சென்னைக்குக் கிளம்பும்போதெல்லாம், "வரும்போது எனக்கு ஒரு தைல பாட்டில்டி" என்று கேட்கும். எத்தனை தடவை வாங்காமல் போயிருக்கிறேன் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

திருச்சி நெருங்கும்போது, கடைசி அத்தியாயங்கள். ஹெட்மாஸ்டர் அடிக்க வர, பிரம்பைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிந்துவிட்டு ஓடிவிடுகிறான் சுவாமி. ஊரை விட்டே போகிறேன் என்று கிளம்பி, மெம்பிக் காட்டில் வழி தெரியாமல் மாட்டிக்கொள்கிறான். ஒன்பதாவதில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு படித்த இடம் அது. மேட்சுக்கு வந்துவிடுவானா, ராஜம் என்ன சொல்வான் என்பது மட்டும்தான் அப்போது கவலை.

இந்த முறை வேறொருவர் குறுக்கே வந்தார். சுவாமியின் அப்பா. ராத்திரி ஆகியும் பையன் வரவில்லை என்றதும், அந்த மனிதர் கிளம்புகிறார். ஊரெல்லாம் தேடுகிறார். கடைசியில் அவர் கால்கள் போவது சரயு ஆற்றுப் பக்கமும், ரயில் தண்டவாளத்துப் பக்கமும்.

செல்போனை மடியில் வைத்துவிட்டேன். உயிரோடு இருக்கும் பிள்ளையைத் தேடுகிறவர் தண்டவாளத்துக்கு ஏன் போக வேண்டும்? வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைத் தேடிக்கொண்டு போகிறார் அவர். ஒன்பதாவதில் இந்தப் பக்கத்தை நான் படித்த ஞாபகமே இல்லை. கிரிக்கெட் எப்போது வரும் என்று தாண்டிப் போயிருப்பேன்.

தொலைந்துபோன ஆடு

எனக்கும் ஒரு மெம்பிக் காடு உண்டு.

பத்தாவது அரையாண்டு. கணக்கில் 27 மார்க். "நாளைக்கு அப்பாவைக் கூட்டிக்கிட்டு வந்தாத்தான் கிளாஸுக்குள்ள வரணும்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்கள். அப்பாவிடம் எப்படிச் சொல்வது? பஸ்ஸை விட்டு இறங்கியவள், வீட்டுக்குப் போகாமல், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறைப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். அழுதழுது அப்படியே தூங்கியும்விட்டேன். கண் விழித்தபோது நல்ல இருட்டு. பயத்தில் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். மணி ஒன்பதரை.

வாசலில் அம்மா. முதுகில் இரண்டு வைத்துவிட்டு, கட்டிக்கொண்டு அழுதது. அப்பாயி திருநீறு பூசியது. அப்பா வீட்டில் இல்லை.

பத்தரைக்குத்தான் டி.வி.எஸ். எக்ஸல் சத்தம் கேட்டது. உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார். கேட்டது ஒரே ஒரு வார்த்தைதான். "சாப்ட்டியா?" நான் தலையாட்டினேன். போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் சட்டை மாட்டிக்கொண்டு என்னோடு ஸ்கூலுக்கு வந்தார். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார், கையெழுத்துப் போட்டார், திரும்பிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டது. "ஏம்புள்ள, ஆடு கெடைச்சிருச்சா? நேத்து ராத்திரி உங்கப்பா எங்க வீட்டு டார்ச்ச வாங்கிட்டுப் போனாரே, ஆடு கயித்த அவுத்துட்டு ஓடிப்போச்சுன்னு."

எனக்குச் சுருக்கென்றது. நான் காணாமல்போன ராத்திரி, அப்பா ஆட்டைத் தேடிக்கொண்டு போயிருக்கிறார்!

ஒரு வாரத்துக்கு ஊரில் யாரைப் பார்த்தாலும் அந்த ஆட்டைப் பற்றித்தான் விசாரித்தார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்குள் ஏதோ இறுகியது. பொம்பளப் புள்ளையை விட ஆடு பெரிதா? சரி, பார்த்துக்கொள்ளலாம். இந்த ஊரை விட்டுப் போகிறேன். வைராக்கியமாகப் படித்தேன். பிளஸ் டூ, டிகிரி, பிறகு ஜர்னலிசம் டிப்ளமோ. சென்னையில் ஹாஸ்டல் தோழிகளிடம் இந்தக் கதையை ஜோக்காகச் சொல்வேன். "எங்கப்பாவுக்கு நான் காணாமப் போனதே தெரியாதுடி. ஆடு காணாமப் போனதுதான் தெரியும்." எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும்தான்.

அப்பாவிடம் இதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. பணம் அனுப்புவேன், போன் பேசுவேன், "மாத்திரை போட்டீங்களா" என்பேன். அவ்வளவுதான்.

கீரனூரில் இறங்கும்போது, தண்டவாளத்தில் நடந்துபோகும் சுவாமியின் அப்பா என்னோடு இறங்கினார்.

"எந்த ஆடுப்பா?"

அன்று சாயங்காலம் அப்பா திண்ணையில் உட்கார்ந்து, விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உடைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டேன்.

"அப்பா, நான் பத்தாவது படிக்கிறப்ப ஒரு ஆடு தொலைஞ்சுதே. அது எந்த ஆடுப்பா?"

அவர் கை நின்றது. கடலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எந்த ஆடும் தொலையல தாயி."

எனக்குப் பேச்சு வரவில்லை.

"பொழுது இருட்டியும் நீ வரல. பொம்பளப் புள்ளையக் காணோம்னு வெளிய சொல்ல முடியுமா? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நீ திரும்பி வந்தாலும் அந்தப் பேச்சு போவாது. அதான் ஆட்டைக் காணோம்னு சொல்லி டார்ச் வாங்கினேன்."

"எங்க தேடுனீங்க?"

"பஸ் ஸ்டாப்ல பார்த்தேன். தைலமரக் காட்டுல பார்த்தேன். அப்புறம்..." கொஞ்சம் நிறுத்தினார். "கிணத்தையெல்லாம் பார்த்துட்டு வந்தேன்."

"எத்தனை கிணறுப்பா?"

"நாலு. நாலாவது கிணத்துல ஏதோ வெள்ளையா மெதந்துச்சு. டார்ச் அடிச்சா சரியாத் தெரியல. உரச்சாக்கு. அது சாக்குதான்னு தெரியறதுக்குள்ள..."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. உடைத்த கடலையை முறத்தில் தள்ளிவிட்டு, அடுத்த கடலையை எடுத்தார்.

கோயில் பாறைப் பக்கம் ஏன் வரவில்லை என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. பிள்ளை உட்கார்ந்து அழக்கூடிய இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, வரக் கூடாத இடத்துக்கெல்லாம் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நாலு கிணற்றையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்த மனிதருக்கு, நான் வீட்டுக்குள் நிற்பதைப் பார்த்ததும் கேட்க இருந்த ஒரே கேள்வி அதுதான்... "சாப்ட்டியா?"

"அம்மாவுக்குத் தெரியுமா?"

உள்ளே இருந்து அம்மாவே பதில் சொன்னது. "தெரியும். சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. புள்ள மனசுல பயம் உக்காந்துரும்னு."

பயம் உட்காரவில்லை. பத்து வருடங்களுக்கு மேலாக ஒரு ஆடு உட்கார்ந்திருந்தது.

நியாயமாகப் பார்த்தால், எனக்குக் கோபமும் இருக்கிறது. ஆனால், அது அப்பா மேல் இல்லை. சுவாமி காணாமல் போனால் அவன் அப்பா வீடு வீடாகப் போய்ப் பையனைக் காணவில்லை என்று விசாரிக்க முடிகிறது. சிநேகிதர்கள் எல்லோருக்கும் தெரிகிறது. திரும்பி வந்தால், "ஓடிப்போன பயல்" என்று இரண்டு நாள் கேலியோடு முடிந்துபோகிறது. ஒரு பெண் பிள்ளையைத் தேடுவதற்கு என் அப்பாவுக்கு ஒரு ஆடு தேவைப்பட்டிருக்கிறது. சுவாமியின் கூட்டத்தில் எனக்கு ஏன் இடமில்லை என்பது இப்போது புரிகிறது.

ராத்திரி சாப்பிட்ட பிறகு, அப்பாவுக்கு சுவாமியின் கதையைச் சொன்னேன். எட்டாவது வரை படித்தவர். இங்கிலீஷ் புத்தகம் என்றதும், "எனக்கெங்க புரியப்போவுது" என்றார். மாம்பழக் கணக்கைச் சொன்னேன். "பய கேட்டது சரிதான? காய்க்கு ஒரு வெல, பழத்துக்கு ஒரு வெலதானே!" என்றார். நாராயண் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

பிரம்பை எறிந்தது, காட்டுக்கு ஓடியது, அவன் அப்பா ராத்திரியில் ஆற்றங்கரையிலும் தண்டவாளத்திலும் தேடியது எல்லாம் சொன்னேன். தண்டவாளம் வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பய கெடைச்சானா?"

"கிடைச்சான்பா. ஃபாரஸ்ட் ஆபீஸர் ஒருத்தர் காப்பாத்திட்டாரு. ஆனா, கிரிக்கெட் மேட்ச் முடிஞ்சுபோச்சு. சிநேகிதன் பேசமாட்டேன்னு கோவிச்சுக்கிட்டான். அவனுக்கு அதான் பெரிய கவலை."

"அது கெடக்குது. மேட்ச் அடுத்த வாரம்கூட ஆடிக்கலாம்" என்றார் அப்பா. பிறகு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்.

"பயலுக்கு சாப்பிட எதுவும் குடுத்தாங்களா?"